மீயில் முடிகிற பாட்டு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஆலயத்தின் பின்மண்டபத்தில், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நான் எழுதிய பாடலை எங்கள் பாடகர் குழு முதல் தடவையாக இறுதிவரை பாடி முடித்தது. முடித்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் ஒருவரும் பாட்டுக் கோப்பை மூடவில்லை. பதினேழு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அளுத்கமைப் பக்கம் போகிற ரயில் ஒன்று மண்டபத்துச் சன்னல்களை அதிரவைத்துக் கடந்து போனது. பெண்களின் தாழ்குரலான அல்ரோ வரிசையில் நாற்பது வருடங்களாகப் பாடிவரும் அன்ரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பி, இது முடியேல்லையே. மீயில எல்லோ நிக்குது. டோவுக்கு எப்ப வாறது?" என்று கேட்டார்.

அன்ரிக்கு ஐந்து கோட்டு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. மிஷன் பாடசாலை ஒன்றில் சிறுவயதில் பழகிய, சுரங்களை டோ, ரே, மீ என்று எழுதும் டோனிக் சோல்ஃபாதான் அவருடைய எழுத்து. இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடக்கி ஜோன் கர்வென் பரப்பிய அந்த முறை, மிஷனரிமாரோடு கப்பலேறி வந்து எங்கள் ஊர்ப் பாடகர் குழுக்களில் இன்னும் மூச்சுவிடுகிறது. அதில் டோ என்பது எங்கு வைத்தாலும் வீடு. சோகப் பாட்டானால் லாவில் போய் முடியலாம். மீயில் முடிகிற பாட்டு அவருடைய பழக்கத்தில் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நிற்கிற ஆளைப் போன்றது. அவர் குறை சொல்லவில்லை. நான் எந்த மோடில், அதாவது எந்தச் சுர வரிசையில், எழுதினேன் என்பதை, பெயர் தெரியாமலே, ஒரு வரியில் சொல்லிவிட்டார். மேலைநாட்டுத் திருச்சபை இசையில் ஃபிரிஜியன் என்று அழைக்கப்படும் அந்தச் சுர வரிசை சோல்ஃபாவில் மீயில் தொடங்கி மீயில்தான் முடியும்.

எடுத்துக்கொண்ட பாடம் 130ஆம் சங்கீதம். தமிழ் வேதாகமத்தில் 120 முதல் 134 வரையான பதினைந்து சங்கீதங்களுக்கும் 'ஆரோகண சங்கீதம்' என்ற தலைப்பு உண்டு. எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்களின் பாட்டு என்பது அதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். 'கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்' என்று தொடங்கும் இந்தச் சங்கீதத்துக்கு ஆரோகணம் என்று பெயர் வைத்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சங்கீதக்காரனின் சிரிப்பு வரும். ஏனெனில் இதற்கு நான் போட்ட மெட்டு முழுக்க முழுக்க இறங்குகிற அவரோகணம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் எந்த ஆலயத்திலும் இந்தச் சங்கீதத்தைத் தூரத்து வசனமாக வாசிக்க முடிவதில்லை. அதைப்பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

ஃபிரிஜியனை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வது முழு உண்மையாகாது. என் அம்மம்மா கத்தோலிக்கர். தவக்காலம் முழுவதும் மாலையில் வாசற்திண்ணையில் இருந்து, கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்துப் பாடுவார். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கிவைத்திருந்த காலத்தில் எழுதிய நூல் அது. அம்மம்மாவின் மெட்டு நாலைந்து சுரங்களுக்கு மேல் போகாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரல் அரைச்சுரம் இறங்கி, அந்த இடத்திலேயே சற்றுநேரம் அழுதுவிட்டு, அடுத்த வரிக்கு எழும்பும். அந்த அரைச்சுர இறக்கம்தான் ஃபிரிஜியனின் உயிர்நாடி. கர்நாடக இசையில் சொல்வதானால் சுத்த ரிஷபத்திலிருந்து சட்ஜமத்துக்கு இறங்குவது. இதை எழுதி முடித்த பிறகுதான், லூதர் இதே 130ஆம் சங்கீதத்தைத் தழுவி இயற்றி 1524இல் வெளிவந்த பாடலின் மெட்டும் ஃபிரிஜியன் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த மெட்டு முதல் இரண்டு சுரங்களிலேயே பஞ்சமத்திலிருந்து சட்ஜமத்துக்கு ஒரேயடியாக விழுந்து, பிறகு மேலே பார்க்கும். இருநூறு வருடங்கள் கழித்து, 1724இல், பாக் அதைக்கொண்டு, பல பகுதிகள் கொண்ட ஒரு கன்டாட்டாவே எழுதினார். அம்மம்மாவும் லூதரும் ஒரே அரைச்சுரத்தில் சந்திப்பதை இரண்டு தரப்பாரும் விரும்பியிருக்கமாட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு மோடுகளை விளங்கப்படுத்துவது எளிது, அந்த எளிமையில் ஒரு பொறியும் இருக்கிறது. டோரியன் என்றால் கரகரப்பிரியா, ஃபிரிஜியன் என்றால் ஹனுமத்தோடி, லிடியன் என்றால் மேசகல்யாணி, மிக்சோலிடியன் என்றால் ஹரிகாம்போஜி என்று, தாய் ராகங்களான மேளகர்த்தாக்களோடு நேரே பொருத்திச் சொல்லிவிடலாம். சுரத்தானங்கள் அப்படியே பொருந்தும். ஆனால் ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியால் வரும்போது நாதஸ்வரத்தில் தோடி கேட்டு வளர்ந்தவனுக்கு, கீபோர்டில் அந்த ஏழு கட்டைகளையும் வரிசையாக அமத்தினால் வருவது தோடி ஆகாது என்பதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஏணியை வீடு என்று யாரும் சொல்வதில்லை. ராகம் ஏணிப்படிகளுக்கு இடையில் நடக்கிற காரியம். மோடுக்கும் அப்படி ஒரு நடை உண்டு, ஆனால் அது வேறு நடை. எந்தச் சுரத்தில் ஓதுவது, எதில் இளைப்பாறுவது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்ற ஒழுங்கு அது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை நம்பி நிற்காதது.

மோடில் ஹார்மனி, அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் அமைப்பு, எழுதுவதன் முதல் விதி, என் அனுபவத்தில், ஒரு மறுப்பு. சட்ஜமத்துக்கு அரைச்சுரம் கீழே நின்று அதை உந்தி ஏற்றுகிற காகலி நிஷாதத்தை உள்ளே விடக்கூடாது. கடந்த நானூறு வருட மேலைநாட்டு இசை பெரும்பாலும் அந்த ஒரு சுரத்தின் உந்துதலால் ஓடுகிறது. அது வந்தவுடன் காது, இதோ வீடு வரப்போகிறது என்று எழும்பி நிற்கும். எங்கள் ஆலயங்களில் இந்தச் சுரத்தால் நடக்கும் அநியாயத்தை ஞாயிறுதோறும் கேட்கலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகள் ஒற்றை வரி மெட்டுகள், ராகத்தில் பிறந்தவை. கரகரப்பிரியாச் சாயலில் அமைந்த ஒரு கீர்த்தனையைச் சபை பாடிக்கொண்டிருக்கும்போது, கீபோர்டில் இருக்கும் பிள்ளை தனக்குத் தெரிந்த மூன்று கார்ட்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, போட்டு, ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த அந்நியச் சுரத்தை நுழைத்துவிடும். சபை அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம் பாட, கீபோர்ட் காகலி நிஷாதம் வாசிக்கும். யாருக்கும் காரணம் தெரியாமல் அந்த இடத்தில் எல்லாக் குரலும் சற்றுத் தணியும். நானும் பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையாக அதே ஆசனத்தில் இருந்தவன் என்பதால் இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன்.

உந்துகிற சுரத்தை எடுத்துவிட்டால் ஹார்மனியை எது நடத்தும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடி நான் வருடக்கணக்காகச் சில இசையமைப்பாளர்களின் ஓலைகளைப் புரட்டியிருக்கிறேன். ரால்ஃப் வோன் வில்லியம்ஸ் 1906இல் வெளிவந்த ஆங்கிலப் பாமாலை ஒன்றைத் தொகுத்தபோது, தோமஸ் டாலிஸ் 1567ஆம் ஆண்டுச் சங்கீத நூலுக்காக எழுதிய ஃபிரிஜியன் மெட்டொன்றைக் கண்டெடுத்து, 1910இல் அதைத் தந்திவாத்தியங்களுக்கான பெரும் ஃபன்டாசியாவாக விரித்தார். அங்கே சுரக்கூட்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை; பக்கத்தில் பக்கத்தில் நின்று நிறம் மாறுகின்றன. மோரிஸ் டூருஃப்ளே 1947இல் முடித்த ரெக்வியத்தை, மரித்தோருக்கான பூசையின் கிரெகோரியன் மெட்டுகள்மேலேயே கட்டினார். 1960இல் வெளிவந்த நான்கு மொட்டெட்டுகள் என்ற இலத்தீன் சமயக் குழுப்பாடல்களிலும் அதே வழிதான். அடிச்சுரத்திலிருந்து எண்ணி ஏழாம் சுரமும் ஒன்பதாம் சுரமும் சேர்ந்து கனிந்த அந்தச் சுரக்கூட்டுகளைக் கேட்கிறவர் முதலில் செழுமை என்பார். பிறகு பார்த்தால், அந்தக் கூடுதல் சுரங்கள் எல்லாம் அதே பழைய மெட்டின் மோடுக்குள்ளிருந்து எடுத்தவை. வெளியிலிருந்து வாங்கிய மிளகாய்த்தூள் ஒன்றும் இல்லை. மோர்ட்டன் லோரிட்சன் 1994இல் எழுதிய கிறிஸ்து பிறப்பு மொட்டெட் ஒன்று உலகெங்கும் பாடப்படுகிறது. அது நீளநெடுக டி மேஜர் சுரங்களுக்குள்ளேயே மிதக்கிறது. கன்னியைக் குறிக்கும் இலத்தீன் சொல் வரும் ஓரிடத்தில் மட்டும் அல்ரோக்கள் ஒரு ஜி ஷார்ப் பாடுகிறார்கள். மொத்தப் பாடலிலும் அந்தச் சுரவரிசைக்கு வெளியே உள்ள சுரம் அது ஒன்றுதான். அந்த ஒரு சுரத்தைச் செலவழிப்பதற்காக அவர் மற்ற எல்லாவற்றையும் சேமித்திருக்கிறார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் முதல் வரைவில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. எட்டுக் குரல்களுக்கு எழுதினேன். கணினியில் மியூஸ்ஸ்கோர் மென்பொருள் அதை 'ஆ' என்ற குரலில் பாடிக்காட்டியபோது எனக்கே கண் கலங்கியது. கணினிக்கு மூச்சு முட்டாது, ஆண்களின் உயர்குரலான ரெனருக்குப் பற்றாக்குறையும் கிடையாது. எங்கள் குழுவில் உயர்ந்த பெண்குரலான சொப்ரானோ ஏழு, அல்ரோ ஐந்து, தாழ்ந்த ஆண்குரலான பேஸ் மூன்று, ரெனர் இரண்டே இரண்டு. அந்த இருவரில் ஒருவருக்கு வேலை முடிந்து மஹரகமையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர ஒத்திகையில் பாதி போய்விடும். இரண்டு பேரை இரண்டாகப் பிரித்தால் வருவது ரெனர் வரிசையாக இராது. வருவது இரண்டு தனிமனிதர்கள். முதல் ஒத்திகையில் என் எட்டுச் சுரக் கூட்டுகள், சந்தையில் ஒரே நேரத்தில் எட்டுப்பேர் விலை சொல்வது போலக் கேட்டன.

அந்த இரவே நான்கு குரலுக்குக் குறைத்து எழுத உட்கார்ந்தேன். செழுமை என்பது எத்தனை சுரம் என்ற கணக்கில் இல்லை, எந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு நான் சொல்லித்தந்திருக்கிறேன்; என் பேனாவுக்குச் சொல்லித்தர மறந்திருந்தேன். சட்ஜமமும் ரிஷபமும் பக்கத்தில் பக்கத்தில் பேஸ் குரலின் அடியில் நின்றால் அது உறுமல். அதே இரண்டும் ஒரு ஸ்தாயிக்கு மேலே சொப்ரானோவுக்கும் அல்ரோவுக்கும் இடையில் நின்றால் மெழுகுதிரியின் சுடர் நடுங்குவது போல ஒரு ஒளி வரும். கீழே அகலம், மேலே நெருக்கம்: இயற்கையில் ஒரு தந்தி அதிரும்போது அதன் மேற்சுரங்கள் அடுக்கப்படும் ஒழுங்கும் அதுவே. ஆகவே பேஸுக்கும் ரெனருக்கும் இடையில் ஐந்தாம், எட்டாம் இடைவெளிகளை விட்டுவிட்டு, உரசல்களை எல்லாம் பெண் குரல்களுக்கு ஏற்றினேன். நான்கு குரலில் ஏழாம் சுரமும் ஒன்பதாம் சுரமும் வேண்டுமானால் ஏதாவதொன்றைத் துறக்கவேண்டும். பெரும்பாலும் பஞ்சமத்தைத் துறக்கலாம், காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். இந்தப் பாடலில் எனக்கு மிகவும் பிடித்த சுரக்கூட்டு, ரிஷபத்தை அடியில் வைத்து மத்திமம், தைவதம், மேல் சட்ஜமம் என்று எழும்புவது. அதன் உச்சியில் சட்ஜமம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். அடியிலோ பேஸ் இன்னும் அரைச்சுரம் தள்ளி நிற்பார்கள். வீடு கண்ணுக்குத் தெரிகிறது, கால் இன்னும் வெளியில்.

ஒத்திகையில் கீபோர்டை மூடிவைத்ததும் அந்த வாரத்தில்தான். ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கும் கீபோர்டின் சமசுருதியில் மேஜர் மூன்றாம் இடைவெளி, இயற்கையான ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அகலமானது. அதைப் பின்பற்றிப் பாடும் குழு எவ்வளவு அழகான சுரக்கூட்டைப் பாடினாலும் அதில் ஒரு கண்ணாடித் தன்மை இருக்கும். பம்பலப்பிட்டியில் வாய்ப்பாட்டுப் பழகும் சொப்ரானோப் பிள்ளை ஒருத்தி தன்னுடைய சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வெறும் சட்ஜம பஞ்சமத்தை ஒலிக்கவிட்டு, குழுவைக் கண்மூடி நிற்கச் சொல்லி, நன்றாகச் சேர்ந்த தம்புராவிலிருந்து யாரும் மீட்டாமலே அந்த மேஜர் மூன்றாம் சுரம், அந்தர காந்தாரம், எழும்புவதைப் பற்றிச் சொன்னேன். சுயம்பு காந்தாரம் என்று நம்மவர்கள் பெயர் வைத்த அது, அடிச்சுரத்தையும் சேர்த்து எண்ணினால் மேற்சுர வரிசையில் ஐந்தாவது. பெட்டியில் அது கேட்கவில்லை. மூன்று பேஸும் சட்ஜமத்தைப் பிடித்து, ரெனர் பஞ்சமத்தைச் சேர்த்தபோது, கால் நிமிடத்தில் அன்ரி கண்ணைத் திறந்து, "ஆர் மேல பாடுறது?" என்று கேட்டார்.

குரல்களை ஒழுங்குபடுத்துவதைவிட எனக்கு அதிக நாள் எடுத்தது சொற்கள். பழைய மொழிபெயர்ப்புப் பாமாலைகளில் நாம் எல்லாரும் பாடிப் பழகிய ஒரு கொடுமை உண்டு: மெட்டு நீட்டச் சொல்கிற இடத்தில் குறில் வந்து நிற்கும், நெடில் அரைத் தாளத்தில் நசுங்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் அளந்துவைத்த மொழியில் இது சிறிய குற்றமில்லை. என் முதல் வரைவோ அதைவிட மோசம். ஆறாம் வசனம் 'என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது' என்று முடிகிறது. நான் என்னுடைய மிகக் கனிந்த சுரக்கூட்டை, எட்டு எண்ணிக்கை நீளத்துக்கு, கடைசி எழுத்தான 'து'வின்மேல் வைத்திருந்தேன். அது குற்றியலுகரம். அரை மாத்திரைக்கு மேல் நிற்க அதற்கு இலக்கணமும் இடம் தராது, வாயும் இடம் தராது. பதினேழு பேர் உதட்டைக் குவித்து 'தூ' என்று எட்டு எண்ணிக்கைக்கு நின்றதைக் கேட்டபோது, வேதவசனம் துப்புகிற ஓசையாக மாறிவிட்டதை உணர்ந்து நானே ஒத்திகையை நிறுத்தினேன்.

சங்கீத வசனங்கள் தமிழில் உரைநடை. அதற்கு அடியும் சீரும் எண்ணிப் போட முடியாது. இங்கே டூருஃப்ளே கைகொடுத்தார். கிரெகோரியன் மெட்டை அவர் இரண்டிரண்டும் மும்மூன்றுமான சிறு கூட்டங்களாகப் பிரித்து, தாளக்கோடு எங்கே விழுந்தாலும் விழட்டும் என்று சொல்லின் போக்கில் ஓடவிட்டிருப்பார். நேரசை நிரையசை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதே இல்லை. 'விடியுமென்று விடியற்காலத்துக்கு' என்ற சொற்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குறில்கள் வேகமாக நடந்து, 'கா'வில் போய் நிற்கும். எபிரேய மூலத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் இரண்டு தடவை வருவார்கள். தமிழில் ஜாமக்காரர் ஒரு தடவைதான். அந்த இரட்டிப்பு 'விடி' என்ற வேருக்குள் இறங்கியிருக்கிறது. அந்த இரண்டு 'விடி'யையும் ஒரே சுரத்தில், ஓதுவது போல, ஹார்மனி அசையாமல் பாடவைத்து, 'காலத்துக்கு' என்பதில் மட்டும் சுரக்கூட்டை மாற்றினேன். இந்த இரண்டு வரிக்காக மூன்று வாரம் போனது. வருத்தமில்லை.

'ஆழங்களிலிருந்து' என்ற சொல்லில் இன்னொரு தொல்லை. 'ஆ' எந்தக் குழுவுக்கும் வரம். வாய் திறந்து நிற்கும், எந்த உரசலும் அதில் இனிக்கும். அடுத்து வருகிற 'ழ'வில் பதினேழு நாக்குகள் பதினேழு வேறு நேரங்களில் பின்னால் மடியத் தொடங்கினால், சுரக்கூட்டு முழுவதும் மழைத்தண்ணீரில் மை கரைந்தது போல ஆகிவிடும். கடைசி நொடிவரை 'ஆ'வைப் பிடித்து, என் விரல் அசைந்ததும் எல்லாரும் ஒன்றாக மடிக்கவேண்டும் என்று பழக்கினோம். அதற்குப் பதிலாகக் கிடைத்த லாபம் அடுத்த எழுத்து: 'ங்'. வாய் மூடாமல் மூக்கால் ஒலிக்கும் அந்த மெய்யில் குழுவை நிறுத்தினால், தனியே முனகச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை; சொல்லே முனகலாகிறது. தமிழில் இது இலவசம்.

ஜாமக்காரர் பகுதியில் அந்தச் சுருதிப்பெட்டிப் பிள்ளைக்குத் தனிக்குரல் கொடுத்தேன். அவளுக்கு ஃபிரிஜியன் தெரியாது, தோடி தெரியும். கீழே குழு அசையாத சுரக்கூட்டில் நிற்க, அவள் மேலே தோடியின் காந்தாரத்தைப் பிடித்ததும் ஏதோ சண்டை மூண்டது. தோடியில், அந்தர காந்தாரத்துக்கு அரைச்சுரம் கீழான 'சாதாரண காந்தாரம்' நின்ற இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஊஞ்சலாடும். கீழே அல்ரோக்கள் அதே காந்தாரத்தை ஆணியடித்தது போல் பிடித்திருந்தார்கள். அவளிடம் அசைக்காமல் பாடும்படி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் பணிவாகப் பாடினாள், பாட்டு செத்துப்போனது. பிறகு, அவள் காந்தாரத்தில் இருக்கும்வரை குழுவில் ஒருவருக்கும் காந்தாரம் கிடையாது என்று விதி செய்தேன். சட்ஜமம், மத்திமம், பஞ்சமம் மட்டும் கீழே. மத்திமமும் பஞ்சமமும் பக்கத்தில் நின்று உரச, நடுவில் வெற்றிடமாக விட்ட இடத்தில் அவள் குரல் தன் இஷ்டத்துக்கு அசைந்தது. ராகத்துக்கும் ஹார்மனிக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதியான ஒப்பந்தம் இது. எல்லா ராகங்களுக்கும் இது செல்லும் என்று நான் வாதாடமாட்டேன்.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூருஃப்ளே போன்றவர்களின் இசை, கல்லால் கட்டிய, கதவுகள் மூடிய, ஒலி அடங்க நேரம் எடுக்கும் பேராலயங்களுக்கு எழுதப்பட்டது. எங்கள் ஆலயத்தின் கதவுகள் காற்றுக்காகத் திறந்தே இருக்கும். சுரம் பிறந்தவுடன் வெளியே போய் முச்சக்கரவண்டிகளோடு கலந்துவிடும். ஆகவே பேராலயத்தின் எதிரொலி செய்யும் வேலையைக் குரல்களிடமே கொடுத்தேன்: ஒரு வரி முடியும்போது இருவர் மட்டும் அந்தச் சுரத்தைவிட்டு நகராமல், அடுத்த சுரக்கூட்டுக்குள்ளும் அதை மெல்ல இழுத்துக்கொண்டு போவார்கள். இதைவிடப் பெரிய எதிரி தலைக்குமேல் இருந்தது. ஆலயத்தின் பழைய மின்விசிறிகள் சுழலும்போது அவற்றின் மோட்டார்கள் முனகும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முனகல் அதன் இரு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். என் பாட்டின் சட்ஜமமோ மேலைநாட்டுப் பெயரில் 'இ' (E). பேஸ் குரலின் அடியில் அது ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அந்தச் சட்ஜமத்துக்கு மேலே சாதாரண காந்தாரமும் இல்லாமல் அந்தர காந்தாரமும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் விசிறி பாடிக்கொண்டிருக்கிறது.

இப்போது அன்ரியின் கேள்விக்கு வருகிறேன். ஃபிரிஜியனை எப்படி முடிப்பது என்பது பழைய தலைவலி. அதன் பஞ்சமத்தின்மேல் எழும் சுரக்கூட்டு குறைந்த ஐந்தாம் இடைவெளி உடையது, வலுவற்றது. வழக்கமான முடிவுக்கு அதை நம்ப முடியாது. பதினாறாம் நூற்றாண்டுக்காரர்கள் கண்ட வழி, அடிக்குரல் ரிஷபத்திலிருந்து சட்ஜமத்துக்கு இறங்க, மேற்குரல் ஒன்று நிஷாதத்திலிருந்து சட்ஜமத்துக்கு ஏற, ஆறாம் இடைவெளி எட்டாக விரிந்து திறப்பது. அதன்பின் ஆறுதலுக்காகக் காந்தாரத்தை உயர்த்தி மேஜர் சுரக்கூட்டில் நிறுத்துவார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம் என்றிருந்தது. அந்தர காந்தாரம் வந்தால் ஹனுமத்தோடி வகுளாபரணமாக மாறிவிடும். ஜாமக்காரன் காத்திருக்கும்போதே நான் விளக்கைப் போட்டது போலாகும். வசனத்தின் கடைசிச் சொல்லிலும் நிற்க முடியாது, அங்கே குற்றியலுகரம் காத்திருக்கிறது. ஆகவே வசனம் முடிந்த பிறகு முதற்சொல்லுக்கே திரும்பினேன்: 'கர்த்தாவே.' மூன்று அசைகளும் நிற்கத் தக்கவை. கடைசி 'ஏ' விளி, எவ்வளவு தூரமும் நீளும். 'தா'வில் ரிஷபக் கூட்டு, 'வே'யில் அடிக்குரல் இறங்கவும் ரெனர் ஏறவும் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் யாருக்கும் எழுதப்படவில்லை.

பரிசுத்த வாரத்துச் செவ்வாய் மாலை ஆராதனையில் அதைப் பாடினோம். கடைசிப் பக்கத்துக்கு முன்பு விசிறிகளை நிறுத்தும்படி கோயிலூழியரிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு ஆளியாகத் தட்ட, சபை கைவிசிறிக்காக ஆராதனைத் தாளை மடித்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. விசிறிகள் ஓய்ந்ததும் ஆலயம் திடீரென்று பெரிதானது போலிருந்தது. மூன்று பேஸும் ரிஷபத்திலிருந்து இறங்கினார்கள். ரெனர் சரியாக ஏறினார்கள். பஞ்சமம் சேர்ந்து இரண்டு எண்ணிக்கைக்குப் பிறகு, எந்தக் குரலிலும் இல்லாத அந்தர காந்தாரம் வரிசைகளுக்கு மேலே மெல்லியதாக இருந்தது. எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. அன்ரி மேலே கூரையைப் பார்த்தார். கோப்பை மூடும்போது, "முடிஞ்ச மாதிரித்தான் கிடக்கு, ஆனா நான் இன்னும் மீயிலதான் நிக்கிறன்" என்றார்.

போன வாரம் மஹரகமை ரெனர் வந்து, விசா கிடைத்துவிட்டது, ஆனியில் மெல்பேர்ணுக்குப் போகிறேன் என்று சொன்னார். ஒரு ரெனரால் அந்த முடிவின் நிஷாதத்தைத் தாங்க முடியாது. ஓலையைத் திரும்ப விரித்து, நிஷாதத்திலிருந்து சட்ஜமத்துக்கு ஏறுகிற அந்த வரியை அல்ரோவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். சோல்ஃபாவில் அது ரேயிலிருந்து மீக்குப் போவது. அன்ரியிடம் இன்னும் சொல்லவில்லை.